கையில் வந்த சில்லறையைத் திருப்பிப் பாருங்கள்



சம்பளம் வந்ததும் கடைக் கடனைக் கட்டுகிறோம். பிள்ளைகளின் வகுப்புக் காசு கொடுக்கிறோம். டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறோம். கடைசியில் மிஞ்சுவது சில்லறை. அது பால்மா டின்னுக்குள்ளேயோ, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உண்டியலுக்குள்ளேயோ விழுகிறது. அந்தக் காசை நாம் எண்ணுவோமே தவிர, பார்ப்பது கிடையாது.

இப்போது சில பேர் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் வரும் வீடியோக்கள்தான் அதற்குக் காரணம். “இந்தப் பழைய காசு உங்களிடம் இருந்தால் லட்சக் கணக்கில் பணம்” என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுகிறார்கள் பிள்ளைகள். “ஐயா, இது உண்மையா, பொய்யா?” என்று தாய்மார் பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

கொஞ்சம் உண்மை, நிறையப் பொய் என்பதுதான் பதில். அரிய காசுகள் உண்டு. அச்சடிக்கும்போது பிழை விழுந்த காசுகளும் உண்டு. அவற்றைச் சேர்ப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதும் உண்டு. ஆனால் டின்னில் இருக்கும் காசில் மிகப் பெரும்பான்மை அதன் மேல் எழுதியிருக்கும் பெறுமதிதான் பெறும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நல்ல பொருளைச் சும்மா கொடுத்துவிட மாட்டோம். பொய்யை நம்பிக் கைக்காசை இழக்கவும் மாட்டோம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒரு காசு எப்போது அரிதாகிறது?

பழைய காசு என்றால் விலை கூடிய காசு என்று நினைக்கிறோம். அது சரியல்ல. ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய கம்பனி அடித்த செப்புக் காசுகள் 200 வருஷத்துக்கு மேல் பழையவை. ஆனாலும் அவை ஏராளமாக அடிக்கப்பட்டபடியால் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. பழமை மட்டும் விலை தராது.

மூன்று விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும்.

முதலாவது, அந்தக் காசு குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவது, அதை வேண்டுமென்று கேட்பவர்கள் இருக்க வேண்டும். மூன்றாவது, காசு நல்ல நிலையில் இருக்க வேண்டும். தேய்ந்து எழுத்து மறைந்துபோன காசுக்கும், அச்சிலிருந்து இப்போதுதான் வந்தது போல இருக்கும் காசுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. கொழுந்து எடுக்கும்போது இளங்கொழுந்துக்கும் முற்றின இலைக்கும் வித்தியாசம் பார்க்கிறோமே, அதைப் போலத்தான்.

முதலில் சாதாரணக் காசைத் தெரிந்துகொள்ளுங்கள்

சரியான காசு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பிழையான காசு கண்ணில் படும். அதனால் நம் நாட்டுக் காசுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் இது பாடத்துக்கு உதவும்.

இலங்கையில் 100 சதம் ஒரு ரூபா என்ற கணக்கு 1872 இல் வந்தது. மத்திய வங்கி 1950 இல் தொடங்கப்பட்டது. 1963 இல் வந்த புதிய சதக் காசுகளிலும் ரூபாவிலும் மகாராணியின் தலை நீங்கி, நாட்டின் சின்னம் இடம்பிடித்தது. அந்த வரிசையில் 1 சதமும் 2 சதமும் அலுமினியம். 2 சதத்துக்கு விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். 5 சதம் சதுரம். இவற்றை இன்னும் பல வீட்டு டின்களில் காணலாம்.

1972 இல் நாடு குடியரசாகி, இங்கிலீஷில் ‘சிலோன்’ என்றிருந்த பெயர் ‘ஸ்ரீ லங்கா’ ஆனது. காசிலும் பெயர் மாறியது, சின்னமும் மாறியது. தமிழில் மட்டும் முன்னும் பின்னும் ‘இலங்கை’ என்றே இருக்கிறது. 1978 முதல் 5 சதமும் 10 சதமும் அலுமினியத்தில் வந்தன. 1984 இல் 2 ரூபாவும் 5 ரூபாவும் அன்றாடப் புழக்கத்துக்கான குற்றிகளாக வந்தன.

2005 இல் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. உலோக விலை கூடியபடியால், உள்ளே உருக்கும் மேலே மெல்லிய பூச்சும் கொண்ட காசுகளை அடிக்கத் தொடங்கினார்கள். 5 ரூபாவுக்குப் பித்தளைப் பூச்சு, 2 ரூபாவுக்கு நிக்கல் பூச்சு. பழைய 5 ரூபாவையும் பிறகு வந்த 5 ரூபாவையும் இரண்டு கையிலும் வைத்துப் பாருங்க. பழையது பாரமாக இருக்கும்.

இடையிடையே ஞாபகார்த்தக் காசுகளும் வந்தன. 1968 இல் 2 ரூபா, 1976 இல் அணிசேரா நாடுகளின் மகாநாட்டுக்காக 2 ரூபாவும் 5 ரூபாவும், 1981 இல் மகாவலி 2 ரூபாவும், சர்வசன வாக்குரிமையின் 50 ஆவது ஆண்டுக்கு 5 ரூபாவும், 1998 இல் சுதந்திரத்தின் 50 ஆவது ஆண்டுக்கு இரண்டு நிற உலோகத்தில் 10 ரூபாவும் வந்தன. 1996 இல் நமது அணி கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்றதற்காக 1999 இல் ஒரு 5 ரூபா வந்தது. 2013 ஆம் ஆண்டு பொறித்த 10 ரூபாவில் 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 25 வகை உண்டு. நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி எல்லாம் அதில் இருக்கின்றன. மத்திய வங்கியின் 70 ஆவது ஆண்டுக்காக 2020 ஆம் ஆண்டு பொறித்த ஏழு பக்க 20 ரூபாவும் வந்தது.

இந்த ஞாபகார்த்தக் காசுகள் பெரும்பாலும் நிறைய அடிக்கப்பட்டவை. ஒன்று கிடைத்தால் லட்சம் வராது. ஆனால் 25 மாவட்டத்தையும் சேர்த்து முடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. நாட்டின் வரைபடத்தையும் அதிலேயே படித்துவிடுவார்கள்.

காசு எப்படி அடிக்கப்படுகிறது? பிழை எங்கே விழுகிறது?

நமது காசுகள் வெளிநாட்டு நாணயச் சாலைகளில் அடிக்கப்பட்டு வருபவை. பிரித்தானியாவின் றோயல் மின்ட் நீண்ட காலமாக நமக்கு அடித்துக் கொடுத்திருக்கிறது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுவது, உருட்டுவது, காய்ச்சுவது, சலிப்பது என்று படிப்படியாக வேலை நடக்கிறது அல்லவா? காசும் அப்படித்தான் படிப்படியாக உருவாகிறது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு விதமான பிழை விழலாம்.

*முதல் படி: தட்டு வெட்டுதல்.* உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெறும் தட்டுகளை வெட்டுவார்கள். மாவைப் பரத்தி டம்ளரால் ரொட்டி வெட்டும்போது, முன்பு வெட்டின இடத்தின் மேலேயே டம்ளர் கொஞ்சம் பட்டுவிட்டால் அந்த ரொட்டியில் பிறை மாதிரி ஒரு பக்கம் குறையும். காசிலும் அப்படியே பிறை வடிவில் குறைந்த காசு வரும். உலோகம் மாறிய காலத்தில் வேறு உலோகத் தட்டு தவறி உள்ளே போய்விடுவதும் உண்டு.

*இரண்டாம் படி: பூச்சு.* உருக்குத் தட்டுக்குப் பித்தளையோ நிக்கலோ பூசும்போது சிலது பூச்சில்லாமல் தப்பிவிடும். பித்தளை நிறத்தில் இருக்க வேண்டிய காசு வெள்ளையாக இருக்கும்.

*மூன்றாம் படி: அச்சடித்தல்.* மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் தட்டு. பெரிய அழுத்தத்தோடு ஒரே அடி. பெரும்பாலான பிழை இங்கேதான்.

தட்டு நடுவில் நிற்காமல் விலகி நின்றால், படம் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் வெறுமையாக வரும். அடித்த காசு வெளியே விழாமல் அங்கேயே நின்று இரண்டாவது அடியும் வாங்கினால் படத்தின் மேல் படம் விழும். அச்சில் எண்ணெய் அழுக்கு அடைத்தால் ஓர் எழுத்தோ ஓர் இலக்கமோ பதியாமல் போகும். அச்சு வெடித்தால் அந்த வெடிப்பு காசில் கோடாக விழும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கொழுக்கட்டை அச்சில் ஒரு வெடிப்பு இருந்தால் மா அந்த வெடிப்புக்குள் புகுந்து, கொழுக்கட்டையில் அந்த இடம் மேடாக எழும்பி நிற்கும். காசும் அதே மாதிரி. அச்சு வெடித்ததால் வந்த கோடு காசில் மேடாக இருக்கும். பிறகு யாரோ கீறியதால் வந்த கோடு பள்ளமாக இருக்கும். மேடு என்றால் அச்சின் வேலை, பள்ளம் என்றால் பெரும்பாலும் கைப்பட்ட வேலை. நகத்தை மெல்ல ஓடவிட்டாலே தெரியும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

*நான்காவது: இரண்டு அச்சும் பொருந்தாமை.* நமது காசின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்பினால், பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். அது சரிந்தோ தலைகீழாகவோ நின்றால் ஓர் அச்சு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்கக் கண்ணாடி கூடத் தேவையில்லை. ஆனால் மிக லேசான சரிவு சாதாரணமாக வருவதுதான், அதற்கு மதிப்பில்லை. இந்தியக் காசுகள் பலவற்றில் தலைகீழாக நிற்பதே சரியான முறை. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சில்லறையில் கிடைத்த இரண்டு பெயர்பெற்ற காசுகள்

இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

1955 இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நாணயச் சாலையில் 1 சதக் காசுக்கான ஓர் அச்சு செய்யும்போதே படம் இரண்டு முறை, கொஞ்சம் விலகிப் பதிந்துவிட்டது. அந்த அச்சால் அடித்த காசெல்லாவற்றிலும் எழுத்தும் ஆண்டும் இரட்டையாகத் தெரிந்தன. கண்டுபிடிப்பதற்குள் 20,000க்கும் மேற்பட்டவை நல்ல காசோடு கலந்துவிட்டன. அந்தக் காலத்தில் அங்கே இயந்திரத்தில் 25 சதம் போட்டு 23 சத சிகரெட் வாங்குவார்கள். மிச்சம் 2 சதத்தைப் பெட்டியின் உறைக்குள்ளேயே வைத்துக் கொடுப்பார்கள். இரட்டை எழுத்துக் காசு பல பேருக்கு அப்படித்தான் கிடைத்தது. இன்று அது உலகம் அறிந்த அரிய காசு.

2008 இல் பிரித்தானியாவில் 20 பென்ஸ் காசின் படம் மாறியது. பழைய காசில் பின்பக்கம் இருந்த ஆண்டை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஒரு தொகுதிக்குப் பழைய முன்பக்க அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் சோடி சேர்த்து அடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆண்டே இல்லாத காசு வெளியே போனது. 50,000 க்கும் 200,000 க்கும் இடையில் அப்படி வந்திருக்கும் என்று நாணயச் சாலையே மதிப்பிட்டது. அதைக் கண்டுபிடித்தவர்கள் கடையில் வாங்கின மிச்சக் காசைத் திருப்பிப் பார்த்தவர்கள்தான்.

இரண்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. பிழை அச்சிலேயே இருந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காசு நல்ல நிலையில் இருந்தது. பூதக்கண்ணாடியில் கஷ்டப்பட்டுத் தேடினால் மட்டும் தெரியும் சின்னப் புள்ளிக்கு யாரும் பெரிய விலை கொடுப்பதில்லை.

பிழை போலத் தோன்றும், ஆனால் பிழையல்ல

காசு பல வருஷம் கையில் உலாவுகிறது. தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்குகிறார்கள். நெருப்பில் விழுகிறது, சுத்தியலடி படுகிறது. வேலையிடத்தில் வாஷருக்குப் பதிலாக ஓட்டை போட்டுப் பூட்டுகிறார்கள். இவையெல்லாம் பிறகு வந்த சேதம். இதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

உருக்குக் காசு நமது மலைநாட்டு ஈரத்தில் துருப்பிடித்துப் பூச்சு உரிந்து போகும். அப்படி நிறம் மாறினதைப் பூச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். பூச்சு உண்மையாகவே விழாத காசு எங்கும் ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்கும். உரிந்த காசு திட்டுத் திட்டாக, சொரசொரப்பாக இருக்கும்.

இரட்டை எழுத்து விஷயத்திலும் கவனம் வேண்டும். அச்சிலேயே இரட்டையாக இருந்தால் இரண்டு எழுத்தும் ஒரே உயரத்தில், உருண்டு, தெளிவாக நிற்கும். அடிக்கும்போது அச்சு ஆடியதால் வந்தது என்றால், எழுத்தின் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி தட்டையான ஒரு விளிம்பு மட்டும் தெரியும். முதலாவதைத்தான் தேடுகிறார்கள். இரண்டாவது நிறைய வரும், விலை கிடையாது.

வீட்டில் பார்க்கும் முறை

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு சின்னப் பூதக்கண்ணாடி, ஒரு டோர்ச் லைட், ஒரு காந்தம், ஒரு வெள்ளைத் துணி போதும். காந்தம் பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கும்.

1. லீவு நாளில், பகல் வெளிச்சத்தில், மேசையில் துணியை விரித்துக் காசைக் கொட்டுங்கள். வகை வகையாகப் பிரியுங்கள். பிறகு ஆண்டு வாரியாக அடுக்குங்கள்.

2. ஒரே வகைக் காசைப் பத்துப் பத்தாக வரிசையில் வையுங்கள். பத்தும் ஒரே மாதிரி இருக்கும்போது பிழையான ஒன்று தானாகவே கண்ணில் குத்தும்.

3. ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் பாருங்கள். மூன்று மொழியிலும் எழுத்து முழுதாக இருக்கிறதா, ஆண்டு தெளிவாக இருக்கிறதா என்று பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பித்தளை நிற 5 ரூபாவின் விளிம்பில் எழுத்து இருக்கும். அதையும் பாருங்கள்.

4. டோர்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கத்திலிருந்து சரித்து அடியுங்கள். மேடும் பள்ளமும் நிழலால் தெரியும்.

5. மேலே சொன்னபடி பக்கவாட்டில் திருப்பி, பின்பக்கம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

6. 2 ரூபாவையும் 5 ரூபாவையும் காந்தத்தில் பிடியுங்கள். 2004 வரை வந்த சாதாரண 2, 5 ரூபா ஒட்டாது. 2005 முதல் வந்த பூச்சுக் காசு ஒட்டும். இதற்கு மாறாக ஒன்று இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அது வேறு தட்டில் அடித்ததாக இருக்கலாம், போலிக் காசாகவும் இருக்கலாம். இரண்டும் கவனிக்க வேண்டியவை.

7. இரண்டு நிற 10 ரூபாவில் நடு வட்டம் விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தனியே எடுத்த காசை ஒரு சின்னக் காகித உறைக்குள் போட்டு, எங்கே என்ன பிழை என்று மேலே எழுதி வையுங்கள். நம் லயங்களில் ஈரம் அதிகம். அதனால் காய்ந்த டின்னில் மூடி வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் பையில் நீண்ட காலம் வைத்தால் காசு பச்சை பிடிக்கும்.

முக்கியமான ஒன்று: காசைக் கழுவித் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைப் போலப் புளி போட்டோ, சாம்பல் போட்டோ, பிறாஸோ போட்டோ மினுக்கினால், நல்ல காசின் மதிப்பும் போய்விடும். சேகரிப்பவர்கள் தேய்த்த காசை ஒரு பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள். கறுத்துப்போன காசு கறுப்பாகவே இருக்கட்டும்.

டின்னை விட டிரங்குப் பெட்டியைப் பாருங்கள்

உண்மையைச் சொன்னால், நம் குடும்பங்களில் மதிப்பான காசு இருப்பது சில்லறை டின்னில் அல்ல. பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பழைய சேலை முடிச்சில், தாலியோடு கோத்த காசில், பிள்ளையின் அரைஞாண் கொடியில்.

முன்பு இந்திய வெள்ளி ரூபா இலங்கையிலும் செல்லுபடியான காசு. நம் முன்னோர் அக்கரையிலிருந்து வரும்போது கொண்டு வந்ததும் உண்டு, இங்கே சம்பளமாக வாங்கிச் சேர்த்ததும் உண்டு. அந்த ரூபா ஒன்றின் எடை 11.66 கிராம். 1939 வரை அடித்தவற்றில் 1000 க்கு 917 பங்கு சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் பாதிதான் வெள்ளி. அதற்குப் பிறகு நிக்கல்.

இலங்கைச் சதக் காசிலும் வெள்ளி இருந்தது. 1942 ஆம் ஆண்டு 50 சதம் வெள்ளி கலந்தது. 1943 ஆம் ஆண்டு 50 சதம் பித்தளை நிறம். யுத்த காலத்தில் ஒரே வருஷத்தில் மாறிவிட்டது. புத்த ஜெயந்திக்காக 1957 இல் வந்த 5 ரூபாவும் வெள்ளிதான்.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அம்மா, தன் தாயார் விட்டுப்போன 12 வெள்ளி ரூபாவையும் பாத்திரம் கொண்டுவந்த ஒருவரிடம் கொடுத்து இரண்டு எவர்சில்வர் சட்டி வாங்கினார். “கறுத்துப்போன செல்லாக்காசு தானே” என்று வந்தவர் சொன்னாராம். கணக்குப் பாருங்கள். 12 ரூபாவின் எடை ஏறத்தாழ 140 கிராம். அதில் சுத்த வெள்ளி ஏறத்தாழ 128 கிராம். 8 கிராம் ஒரு பவுன் என்றால் 16 பவுன் எடை வெள்ளி. தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும் இரண்டு சட்டிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! அது ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் படிப்புச் செலவுக்கு உதவியிருக்கும்.

ஆகவே வெள்ளிக் காசை விற்பதானால் முதலில் எண்ணுங்கள், ஆண்டை எழுதுங்கள், நகைக்கடைத் தராசில் நிறுங்கள், அன்றைய வெள்ளி விலையை இரண்டு கடையில் கேளுங்கள். வெள்ளியின் விலைதான் அந்தக் காசின் ஆகக் குறைந்த விலை. ஆண்டு அரிதாக இருந்தால் அதற்கு மேலும் கிடைக்கும்.

இரண்டு ஆண்டுகளை ஞாபகம் வையுங்கள். 1911 ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் ரூபாவில், மன்னரின் உடையில் உள்ள சின்ன யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று முஸ்லிம் மக்கள் மனம் வருந்தினார்கள். அரசாங்கம் காசை நிறுத்திப் பெரும் பகுதியை உருக்கிவிட்டு, 1912 இல் யானையைத் திருத்தி அடித்தது. தப்பிய 1911 ரூபாவைச் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுகிறார்கள். 1939 ஆம் ஆண்டு ஆறாம் ஜோர்ஜ் ரூபா இன்னும் அரிது. அதனாலேயே இலக்கத்தை மாற்றிச் செய்த போலிகளும் உண்டு. இந்த ஆண்டுகள் கிடைத்தால் உருக்கவும் வேண்டாம், அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம்.

ஏமாற்றுக்காரர் வரும் வழி

ஏமாற்று பெரும்பாலும் இரண்டு வழியில் வரும்.

ஒன்று, குறைத்துச் சொல்லி வாங்குவது. மேலே சொன்ன பாத்திர வியாபாரம் அந்த வகை. வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம், வயசானவர்கள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். “இப்பவே கொடுங்க, நாளைக்கு வர மாட்டேன்” என்று அவசரப்படுத்துவார்கள். அவசரப்படுத்துகிறவரிடம் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

மற்றது, கூட்டிச் சொல்லிக் காசு பறிப்பது. “உங்கள் காசின் படத்தை அனுப்புங்கள். 10 லட்சம் தருகிறோம். ஆனால் முதலில் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டும், வரி கட்ட வேண்டும்” என்பார்கள். ஒரு கட்டணம் கட்டினால் அடுத்த கட்டணம் வரும். 10 லட்சம் வராது. இந்தியாவில் ரிசேர்வ் வங்கியின் பெயரையே போட்டு இப்படி ஏமாற்றினார்கள். அந்த வங்கி 2021 ஓகஸ்டில், நாங்கள் இப்படியான வியாபாரம் செய்வதில்லை, யாரும் கட்டணம் கட்ட வேண்டாம் என்று அறிவித்தது. நம் பிள்ளைகள் பார்க்கும் தமிழ் வீடியோக்கள் பல அங்கிருந்து வருகிறபடியால் இதைச் சொல்கிறேன்.

ஒரு சட்டம் போல மனசில் வையுங்கள்: பொருளை வாங்குகிறவன்தான் காசு கொடுக்க வேண்டும். விற்கிற நாம் முன்காசு கட்டினால் அது வியாபாரமல்ல. அடையாள அட்டைப் படம், வங்கிப் புத்தக விவரம், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் ஒன்றையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

விற்பதற்கு முன் குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்கட்டும். கொழும்பு போக வாய்ப்புக் கிடைத்தால் கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. பழைய காசுகளை அங்கே கண்ணால் பார்க்கலாம். அது பார்ப்பதற்கான இடம், விற்பதற்கான இடம் அல்ல.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம்

காசைக் கீறி, அரத்தால் தேய்த்து, இலக்கத்தை மாற்றி ‘பிழைக் காசு’ என்று விற்க நினைப்பது தப்பு. காசின் உருவத்தை மோசடியாக மாற்றுவதும் போலிக் காசு செய்வதும் தண்டனைச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, கான் வெட்டும்போதும் கன்று நடக் குழி தோண்டும்போதும் மண்ணுக்குள் பழைய காசு அகப்படுவது உண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அப்படி அகப்பட்டால் ஒளிக்கவோ விற்கவோ வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். தோட்ட அலுவலகத்திலும் சொல்லி வையுங்கள். பாட்டி பெட்டியில் பரம்பரையாக இருப்பது வேறு, மண்ணில் எடுத்தது வேறு.

அதே பெட்டியில் காசு போல இருந்தும் அரசர் தலையில்லாத உலோக வில்லை ஏதும் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். கோப்பிக் காலத்தில் வியாபாரக் கம்பனிகளும் தோட்டங்களும் வேலைக்குக் கூலிக் கணக்காகச் சொந்த வில்லைகளைக் கொடுத்தன. அது நம் பாட்டன் பூட்டனின் உழைப்பை அளந்த பொருள். விலை இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் இருக்க வேண்டியது.

கடைசியாக

காசு தேடுவதை ஒரு தொழிலாக நினைக்க வேண்டாம். அதை நம்பிக் கடன் வாங்கவோ, கொழுந்துக்குப் போகாமல் இருக்கவோ வேண்டாம். மாதம் ஒரு முறை, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் பாருங்கள். பிள்ளைக்குக் கணக்கும் வரலாறும் வரும், கூர்ந்து பார்க்கிற பழக்கமும் வரும். வித்தியாசமான காசு இருந்தால் உறையில் போடுங்கள். மிச்சத்தை மறுபடி டின்னில் அடைக்காமல் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கில் போடுங்கள். அரிய காசு கிடைக்காவிட்டாலும் அந்தக் கணக்கில் காசு சேரும்.

பாட்டிமாரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: கறுத்த காசை யார் கேட்டாலும், வீட்டில் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்